அலுவலக எழுத்தை ஒழுங்குபடுத்தும் முறைகள்: எதைத் தேர்வது, எப்படிச் சோதிப்பது? – முழுமையான வழிகாட்டி

திருவனந்தபுரம் அலுவலகங்களின் ஊர். ஸ்டாச்சூவில் தலைமைச் செயலகம், அருங்காட்சியகத்துக்கு எதிரே பப்ளிக் ஆபிஸ், தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க். இங்கே வேலை பார்க்கிறவர்களில் பலர், பதவியின் பெயர் எதுவானாலும், நாளின் பெரும்பகுதியை எழுதுவதில்தான் கழிக்கிறார்கள். குறிப்பு, கடிதம், சுற்றறிக்கை, மினிட்ஸ், பயனர் கையேடு, சோதனை அறிக்கை, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் என்று அது நீளும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இங்கே வந்து வேலையில் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாரம் ஒன்று உண்டு. யோசிப்பது தமிழில், பக்கத்து மேசையில் பேசுவது மலையாளத்தில், எழுதுவது ஆங்கிலத்தில்.

இந்த எழுத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தருகிறோம் என்று சொல்லும் முறைகள் பல இருக்கின்றன. சில இலவசம். சிலவற்றுக்குக் கட்டணப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. உங்கள் நிறுவனமோ துறையோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவது? அதற்குத்தான் இந்த வழிகாட்டி. இதில் நான் சொல்லப்போவதன் சாரம் இது: முறையை எழுதுகிறவர் பக்கத்திலிருந்து எடை போடாதீர்கள். படிக்கிறவர் தேடியதைக் கண்டுபிடித்து, தன் வேலையை முடித்துக்கொண்டு போகிறாரா என்று பாருங்கள்.

## முறை என்றால் என்ன?

நிறுவனத்தின் லோகோவும் எழுத்துரு அளவும் வைத்த டெம்ப்ளேட் முறை ஆகாது. ஒற்றுப் பிழை பார்ப்பதும் ஆகாது. முறை என்றால் மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

- விஷயத்தை எந்த அடிப்படையில் துண்டு துண்டாகப் பிரிப்பது?
- துண்டுகளை எந்த வரிசையில் வைப்பது?
- தேடுகிறவர் கண்ணில் படும்படி அவற்றை எப்படிக் காட்டுவது?

விற்க வருகிறவர் எவ்வளவு அழகான மாதிரிகளைக் காட்டினாலும், இந்த மூன்றுக்கும் நேரடிப் பதில் இல்லையென்றால் அவர் கையில் இருப்பது வெறும் வடிவமைப்பு.

## உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் முறை: அரசுக் கோப்பு

புதிய முறைகளைத் தேடும் முன், இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முறையைப் புரிந்துகொள்வது நல்லது. அரசு அலுவலகக் கோப்பு தானே ஒரு கட்டமைப்பு. அதற்கு இரண்டு பாகங்கள். வந்த கடிதங்களும் அனுப்பிய பதில்களும் நடப்புக் கோப்பில் இருக்கும். அவற்றைப் பற்றி அலுவலர்கள் எழுதும் கருத்துகள் குறிப்புக் கோப்பில் இருக்கும். பக்கங்களுக்கு எண் உண்டு, குறிப்பின் பத்திகளுக்குத் தொடர் எண் உண்டு. மேலே இருப்பவர் எந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்பதைக் குறிப்பிலேயே பக்க எண்ணோடு சுட்டுவார்கள். காகிதக் கட்டு போய் ஈ-ஆபிஸ் வந்த பிறகும் இந்தப் பிரிவினை மாறவில்லை. திரையின் இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் கடிதங்கள்.

இந்த முறையின் பலம் தெளிவானது. யார், எப்போது, எதை ஆதாரமாக வைத்து, என்ன முடிவு எடுத்தார் என்பதைப் பத்து வருடம் கழித்துப் படிக்கிறவரும் பின்தொடர முடியும். தணிக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கடினம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. குறிப்பு காலவரிசையில் வளரும். முதலில் பின்னணி, பிறகு விதி, பிறகு முன்னர் நடந்தவை, கடைசியில்தான் பரிந்துரை, அதன் கீழே ‘ஆணைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’. அவசரத்தில் இருக்கும் அதிகாரி கடைசிப் பத்தியை முதலில் தேடிப் போவதற்கு இந்த வரிசைதான் காரணம். கோப்புக்குள் பழகிய இதே வரிசையை மக்களுக்கான அறிவிப்பிலும் எழுதிவிடுகிறோம். அங்கே படிக்கிறவருக்குக் கோப்பின் வரலாறு தேவையில்லை. எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்பதுதான் தேவை.

ஒரு வாசகருக்குப் பொருந்தும் முறை இன்னொரு வாசகருக்குப் பொருந்த வேண்டியதில்லை. முறைகளை மதிப்பிடும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

## அறிந்திருக்க வேண்டிய நான்கு முறைகள்

### 1. பிரமிடு முறை

பார்பரா மின்டோ 1963-இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவர். அங்கே எழுதப்படும் அறிக்கைகளைச் சீராக்கும் வேலையில் அவர் வகுத்தது இது. முடிவு முதலில் வரும். அதன் கீழே அதைத் தாங்கும் காரணங்கள், ஒவ்வொரு காரணத்தின் கீழும் அதற்கான ஆதாரம். காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் கடிதப் பழக்கத்திலும் முக்கியச் செய்தியை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. முடிவெடுப்பவருக்கு எழுதும் குறிப்புக்கும் மின்னஞ்சலுக்கும் இது நல்ல முறை. ஒரு இயந்திரத்தைப் படிப்படியாக இயக்கச் சொல்லித்தர இது உதவாது.

### 2. இன்ஃபர்மேஷன் மேப்பிங்

ராபர்ட் ஹார்ன் 1960-களில் உருவாக்கியது. விஷயம் எதைப் பற்றியது என்பதோடு, அது எந்த வகைத் தகவல் என்றும் பார்க்கச் சொல்கிறது. செய்முறையா, நடக்கும் விதமா, விதியா, கருத்து விளக்கமா, அமைப்பா, வெறும் விவரமா? ஒரு கட்டத்துக்குள் ஒரே வகைத் தகவல்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரத்தில் ஒரு தலைப்புச் சீட்டு. படிக்கிறவர் சீட்டுகளை மட்டும் மேய்ந்தே தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம்.

இந்த முறை கட்டங்களின் எண்ணிக்கையைச் சிறிதாக வைக்கச் சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஜார்ஜ் மில்லர் 1956-இல் வெளியிட்ட ‘ஏழு, இரண்டு கூடவோ குறையவோ’ என்ற புகழ்பெற்ற கட்டுரை. அந்தக் கட்டுரை பேசுவது மனத்தில் நிறுத்தி வைக்கும் நினைவைப் பற்றி. கண் முன்னால் விரிந்திருக்கும் பக்கத்தில் எல்லாமே தெரிகிறது, யாரும் எதையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியதில்லை. எனவே சிறு துண்டுகள் என்ற யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு என்ற எண்ணைச் சட்டமாக்காதீர்கள்.

### 3. டிட்டாவும் டயடாக்சிஸும்

டெக்னோபார்க்கில் டெக்னிகல் ரைட்டராகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் பெயர்கள் இவை. டிட்டா ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது, 2005-இல் ஓயாசிஸ் அமைப்பின் பொதுத் தரநிலை ஆனது. கையேட்டை அத்தியாயமாக எழுதாமல், தனித்து நிற்கும் சிறு தலைப்புகளாக எழுதச் சொல்கிறது: கருத்து, செயல், குறிப்புதவி. ஒரு எச்சரிக்கையை ஒரே இடத்தில் எழுதினால் போதும், பல கையேடுகள் அதை எடுத்துக்கொள்ளும். திருத்தமும் ஒரே இடத்தில்தான். இதற்கு எக்ஸ்எம்எல் கருவிகளும் பழகிய ஆட்களும் வேண்டும்.

டானியேலே ப்ரோச்சிடா முன்வைத்த டயடாக்சிஸ் மென்பொருள் எதையும் கேட்பதில்லை. ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கற்றுக்கொள்ளும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழி, குறிப்புதவி, விளக்கம். பாடத்தின் நடுவே விளக்கம் புகுந்து வழிமறிப்பதுதான் தொழில்நுட்பக் கையேடுகளின் தீராத வியாதி. அதற்கு இது நல்ல மருந்து.

### 4. எளிய நடைத் தரநிலை

அரசு ஊழியர்கள் எளிமையாக எழுத வேண்டும் என்ற இயக்கம் பழையது. பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய ‘பிளெயின் வேர்ட்ஸ்’ 1948-இல் வந்தது. அமெரிக்கா 2010-இல் இதற்குச் சட்டமே இயற்றியது. 2023-இல் ஐஎஸ்ஓ 24495-1 என்ற உலகத் தரநிலை வெளியானது. அது நான்கு கோட்பாடுகளைச் சொல்கிறது. வாசகருக்குத் தேவையானது அதில் இருக்க வேண்டும், அதை எளிதில் கண்டுபிடிக்க முடிய வேண்டும், கண்டுபிடித்தது புரிய வேண்டும், புரிந்ததை வைத்துச் செயல்பட முடிய வேண்டும்.

மற்ற மூன்றும் எழுதும் வழியைச் சொல்கின்றன. நான்காவது, எழுதியதை அளக்கும் அளவுகோலையும் சேர்த்தே கொடுக்கிறது. ஆகவே முதல் மூன்றையும் இந்த நான்கு கோட்பாடுகளால் உரசிப் பார்க்கலாம். இனி வரும் படிகள் அதற்கானவை.

## படி 1: ஒரே ஒரு ஆவணத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘எல்லா ஆவணங்களுக்கும் ஒரு முறை’ என்று தொடங்கினால் ஆறு மாதத்தில் குழு கலைந்துவிடும். உங்கள் அலுவலகத்தில் எந்த ஆவணத்தைப் பற்றி அதிகமான தொலைபேசி அழைப்புகள் வருகின்றன? எதைப் படித்த பிறகும் மக்கள் ஜன்னலில் வந்து நிற்கிறார்கள்? எந்தக் கையேட்டைத் திறக்காமல் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கிறார்கள்? அதை எடுங்கள். ஒன்றிரண்டு பக்கம் இருந்தால் போதும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது எந்த அரசு அலுவலகத்திலும் தேவைப்படும் ஒன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பிப்பது பற்றிய அறிவிப்பு.

## படி 2: வாசகரையும் அவர் கேள்விகளையும் எழுதுங்கள்

‘பொதுமக்கள்’ என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு வாசகர் கிடையாது. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த, தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த, பட்டா விவகாரத்தில் அலையும் பெரியவர் என்று எழுதுங்கள். அவருக்காக விண்ணப்பத்தை நிரப்பித் தரும் அக்ஷயா மையத்துப் பெண் என்று எழுதுங்கள். இருவரும் அறிவிப்பின் முன் நிற்கும்போது மனத்தில் என்ன கேள்வியோடு நிற்பார்கள்?

- யாரிடம் கொடுக்க வேண்டும்?
- எவ்வளவு பணம்?
- காரணம் சொல்ல வேண்டுமா?
- எத்தனை நாளில் பதில் வரும்?
- வராவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் அறிவிப்பின் மேல் பாதியில் இருக்கத் தேவையில்லை.

மொழியையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். கேரளத்தின் ஆட்சிமொழி மலையாளம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே தரப்பட வேண்டும். ஆகவே இந்த ஊரில் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, அது இரண்டு மூன்று மொழிகளைத் தாங்குமா என்பதும் ஒரு தேர்வு.

## படி 3: இருப்பதை வகை பிரியுங்கள்

பழைய அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இது நான் மாதிரிக்காக எழுதியது:

> தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் தகவல் கோரும் மனுதாரர்கள் உரிய கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அதற்கான சான்றினைச் சமர்ப்பிக்கும் பட்சத்தில் கட்டணத்திலிருந்து விலக்களிக்கப்படுவர் என்பதும், விண்ணப்பம் பெறப்பட்ட 30 நாட்களுக்குள் அல்லது தகவலானது ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதாயின் 48 மணி நேரத்துக்குள் பதிலளிக்கப்படும் என்பதும், அவ்வாறு பதில் பெறப்படாத நேர்விலோ பெறப்பட்ட பதிலில் திருப்தியுறாத நேர்விலோ 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம் என்பதும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.

இதில் பிழையான தகவல் ஒன்றுமில்லை. தேவையானவற்றில் பெரும்பகுதியும் இருக்கிறது. ஆனால் செய்முறை, விலக்கு, காலக்கெடு, மேல்முறையீடு ஆகிய நான்கு வகைத் தகவல்கள் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கின்றன. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், ‘தெரிவிக்கப்படுகிறது’ என்ற சொல் வரும்வரை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நான்கு நிறப் பேனாக்களால் ஒவ்வொரு வகையையும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். எந்த ஆவணத்தில் ஒரே வரியில் மூன்று நிறம் வருகிறதோ, அதற்கு முறை தேவை. நிறங்கள் ஏற்கெனவே தனித்தனியாக நின்றால் அதைத் தொட வேண்டாம்.

## படி 4: மூன்று வடிவங்கள் எழுதுங்கள்

பெரும்பாலான மதிப்பீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். பழைய மோசமான வடிவத்தையும் புதிய முறைப்படி எழுதிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்தால் புதியது எப்போதும் ஜெயிக்கும். அதனால் முறை நல்லது என்று ஆகிவிடாது. கவனமாக உட்கார்ந்து திருத்தினால் எந்த எழுத்தும் மேம்படும். எனவே மூன்று வடிவங்கள் வேண்டும்.

- வடிவம் அ: இப்போது இருக்கும் அறிவிப்பு.
- வடிவம் ஆ: நல்ல நடை தெரிந்த ஒருவர், எந்த முறையும் பின்பற்றாமல், சிறு வாக்கியங்களாகத் திருத்தியது.
- வடிவம் இ: நீங்கள் சோதிக்கும் முறைப்படி எழுதியது.

இ-யை ஆ-வோடு ஒப்பிடுவதுதான் நியாயமான போட்டி. ‘எங்கள் முறையால் இத்தனை சதவீதம் முன்னேற்றம்’ என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

தகவல் வகைகளாகப் பிரித்து எழுதினால் இந்த அறிவிப்பின் வடிவம் இ ஏறத்தாழ இப்படி வரும்:

> 1. யாரிடம் விண்ணப்பிப்பது?
> இந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம், எழுத்து மூலம். தகவல் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.
>
> 2. கட்டணம்
> 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான சான்றை இணைக்கவும்.
>
> 3. எத்தனை நாளில் பதில் வரும்?
> பொதுவாக: 30 நாளுக்குள்.
> ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல்: 48 மணி நேரத்துக்குள்.
>
> 4. பதில் வராவிட்டால், அல்லது பதிலில் திருப்தி இல்லாவிட்டால்
> முதல் மேல்முறையீடு: இதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம். பதில் கிடைத்த நாளிலிருந்து, அல்லது பதில் வரவேண்டிய கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள்.
> இரண்டாம் மேல்முறையீடு: திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்திடம், 90 நாளுக்குள்.

இதே வேலைக்காக உங்கள் மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பு வேறு. அங்கே பிரமிடு முறை பொருந்தும்:

> தகவல் உரிமை அறிவிப்பை இணைப்பில் உள்ள புதிய வடிவில் மாற்ற அனுமதி வேண்டுகிறேன். காரணங்கள் மூன்று: மேல்முறையீட்டுக் கெடு பழைய அறிவிப்பில் கண்ணில் படுவதில்லை, அதனால் ஜன்னலில் கேள்விகள் கூடுகின்றன, கட்டம் கட்டமாக இருப்பதால் மலையாளம், தமிழ் வடிவங்களை வரிக்கு வரி ஒத்துப் பார்க்கலாம்.

விஷயம் ஒன்றுதான். வாசகர் மாறியதும் முறையும் மாறிவிட்டது.

## படி 5: படிக்கிறவர்களை வைத்துச் சோதியுங்கள்

குழுவில் உள்ளவர்களை வைத்துச் சோதிக்காதீர்கள், அவர்களுக்கு விடை முன்பே தெரியும். அலுவலகத்துக்கு வருகிறவர்களில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஐந்து பேரைக் கேளுங்கள். ஒருவர் ஒரு வடிவத்தை மட்டுமே பார்க்க வேண்டும். முதல் வடிவத்தைப் படித்தவர் விஷயத்தைக் கற்றுக்கொண்டுவிடுவதால், இரண்டாவது எதுவானாலும் அவருக்கு எளிதாகத் தெரியும். பயன்பாட்டுச் சோதனையில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன், 2000-இல், ஐந்து பேரே பெரும்பாலான குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்று வாதிட்டார். குறைகளைக் கண்டுபிடிக்க அது போதும். சதவீதம் போட்டு அறிக்கை எழுத அது போதாது.

‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே ‘புரியுது சார்’ என்பார்கள். ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள்:

*‘நீங்கள் விண்ணப்பம் கொடுத்து 35 நாள் ஆகிவிட்டது. பதில் வரவில்லை. இப்போது யாரிடம் போவீர்கள்? இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?’*

விடை: முதல் மேல்முறையீட்டு அலுவலரிடம், இன்னும் 25 நாள். 30-ஆவது நாளோடு பதில் கெடு முடிகிறது, அங்கிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாள். வடிவம் அ-வை வைத்து இதைக் கணக்கிடவே முடியாது, 30 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்று அதில் சொல்லப்படவில்லை. நல்ல முறை இப்படிப்பட்ட ஓட்டைகளை எழுதும்போதே காட்டிக்கொடுக்கும். ‘எப்போதிலிருந்து?’ என்ற இடம் காலியாக நின்று உங்களை நிரப்பச் சொல்லும். என்னைப் பொறுத்தவரை கட்டமைப்பு முறைகளின் மிகப் பெரிய பயன் அழகைவிட இதுதான்.

ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எத்தனை விநாடி?
2. விடை சரியா, தவறா?
3. எந்தச் சொல்லில் தடுமாறினார்?
4. படித்த பிறகும் உங்களிடம் என்ன கேட்டார்?

## படி 6: தமிழிலும் கைபேசியிலும் ஓட்டிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் அழகாக இருக்கும் முறை இங்கே இரண்டு இடங்களில் இடறும்.

முதலாவது, இடம். இன்ஃபர்மேஷன் மேப்பிங்கில் தலைப்புச் சீட்டுகள் இடது ஓரத்தில் குறுகிய பத்தியில் நிற்கும். ‘மேல்முறையீட்டு அலுவலர்’ போன்ற தமிழ்ச் சொற்களும், அதைவிட நீளும் மலையாளச் சொற்களும் அந்தக் குறுகிய இடத்தில் உடைந்து தொங்கும். தலைப்பைக் கட்டத்தின் மேலே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, திரை. இன்று அறிவிப்பு பலகையில் படிக்கப்படுவதைவிட வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றுவது அதிகம். நான்கு பத்தி அட்டவணை கைபேசியில் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் கட்டமைப்பு முறைகளுக்குத் தெளிவான நன்மை உண்டு. கட்டங்களுக்கு எண் கொடுத்திருந்தால் மூன்று மொழியிலும் அதே எண். கட்டணம் மாறினால் 2-ஆம் கட்டத்தை மட்டும் மூன்று மொழியிலும் திருத்தலாம். ஒரே நீள வாக்கியமாக இருந்தால் மூன்று மொழியிலும் முழு அறிவிப்பையும் திரும்ப எழுத வேண்டும்.

## படி 7: செலவைக் கணக்கிட்டு முடிவெடுங்கள்

சோதனையில் ஜெயித்த முறையை உடனே அறிவித்துவிடாதீர்கள். இந்தக் கேள்விகளுக்கும் பதில் வேண்டும்:

- பயிற்சி: எத்தனை பேருக்கு, எத்தனை நாள்? பிரமிடு முறையை ஒரு புத்தகத்தை வைத்துப் பழகலாம். டயடாக்சிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஃபர்மேஷன் மேப்பிங் வணிகப் பெயர் பதிவுள்ளது, பயிற்சி கட்டணத்துக்கு உரியது.
- கருவி: வேர்டில் முடியுமா, தனி மென்பொருள் வேண்டுமா? டிட்டா தரநிலை திறந்தது, ஆனால் அதை ஓட்டும் கருவிகளும் ஆட்களும் செலவு.
- பராமரிப்பு: நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்? அரசு அலுவலகங்களில் இதுதான் மிக முக்கியமான கேள்வி.
- சட்டத் தேவை: ஆணையின் சொற்களை அப்படியே தர வேண்டிய ஆவணமா? அப்படியானால் ஆணையை மாற்றாதீர்கள். அதன் மேல் ஒரு பக்கச் சுருக்கத்தை முறைப்படி எழுதி வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு சோதனை செய்யுங்கள். முதல் ஆவணத்தை எழுதாத ஒருவர், உங்கள் உதவியில்லாமல், அதே முறையில் புதிய ஒன்றை எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் முறை வேரூன்றிவிட்டது. இல்லையென்றால் அந்த முறை உங்கள் ஒருவரின் திறமையில்தான் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அலுவலகம் பணம் செலவழிக்க வேண்டாம்.

## புதியவர்கள் தவறும் இடங்கள்

- எல்லாவற்றையும் புள்ளியிட்டுப் பட்டியலாக்குவது. காரணமும் விளைவும் சொல்ல வேண்டிய இடத்தில் பட்டியல் போட்டால் தொடர்பு அறுந்துவிடும். விளக்கத்துக்குப் பத்திதான் சரி.
- பொத்தாம்பொதுவான தலைப்புகள். ‘முன்னுரை’, ‘பொது’, ‘இதர விவரங்கள்’ என்ற தலைப்புகள் வாசகருக்கு ஒன்றும் சொல்வதில்லை. ‘எத்தனை நாளில் பதில் வரும்?’ என்பது சொல்கிறது.
- மோசமான உள்ளடக்கத்தை அழகாக அடுக்குவது. விதியே தெளிவில்லாமல் இருந்தால் எந்த முறையும் அதைத் தெளிவாக்காது. தெளிவின்மையைக் கண்டதும் விதி எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.
- முறையை மதமாக்குவது. சக ஊழியரின் நல்ல கடிதத்தை ‘முறைப்படி இல்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். வாசகருக்கு வேலை முடிந்தால் கடிதம் நல்ல கடிதம்தான்.

## எந்த வேலைக்கு எந்த முறை?

- மேலதிகாரிக்கு, வாடிக்கையாளருக்கு, முடிவு கேட்டு எழுதுவது: பிரமிடு முறை. அரசுக் குறிப்பிலும் முதல் பத்தியில் பரிந்துரையைச் சொல்லிவிட்டு, பின்னணியை வழக்கமான வரிசையில் தொடரலாம்.
- விதி, நடைமுறை, அறிவிப்பு, பணியாளர் கையேடு: தகவல் வகைகளாகப் பிரிக்கும் முறை.
- மென்பொருள் ஆவணம், சிறிய குழு: டயடாக்சிஸ்.
- பல தயாரிப்பு, பல மொழி, அடிக்கடி மாறும் கையேடுகள்: டிட்டா.
- பொறுப்பும் ஆதாரமும் பதிவாக வேண்டிய முடிவுகள்: பழைய கோப்பு முறை. அதை மாற்றாதீர்கள்.
- இவை எல்லாவற்றையும் அளக்க: எளிய நடைத் தரநிலையின் நான்கு கோட்பாடுகள்.

ஒரே முறையை எல்லாவற்றுக்கும் வாங்கிப் போர்த்துவது வீண் செலவு. பெரும்பாலான அலுவலகங்களுக்கு, முடிவு கேட்கும் எழுத்துக்கு ஒன்று, வழி சொல்லும் எழுத்துக்கு ஒன்று என இரண்டு முறைகள் போதும். அந்த இரண்டையும் ஒரே ஒரு பக்கத்தில், இரண்டு நல்ல மாதிரிகளோடு எழுதி எல்லா மேசைக்கும் கொடுத்தால், தடிமனான நடைக் கையேட்டைவிட அதிகம் பயன்படும்.

புரியாத அறிவிப்பால் ஒருவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். தேதி எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியாததால் ஒருவர் மேல்முறையீட்டு உரிமையையே இழக்கிறார். அதைத் தடுக்கும் வாய்ப்பு, எழுதுகிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் இருக்கிறது. இந்த வாரமே உங்கள் அலுவலகத்தில் அதிகம் கேள்வி எழுப்பும் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, மூன்று வடிவம் எழுதி, ஒவ்வொன்றையும் ஐந்து பேரிடம் காட்டுங்கள். எந்த முறையை வாங்குவது என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.